யாரோ காந்தம் காட்டிவிட்டார்கள்

"மறுபடியும் இறங்கிடுச்சு! யாரோ இதுக்குக் காந்தம் காட்டியிருக்காங்க!"

புனிதன் ஆய்வுக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். அங்கே இருந்தது சக ஆய்வாளன் சசிதரன் மட்டும்தான்.

அது விரல்நகம் அளவுச் சில்லு. அடியில் காந்தப் படலம். மேலே மீகடத்திப் படலம். ஏழு கெல்வினுக்குக் குளிரவைத்தால் மின்தடை அறவே மறைய வேண்டும். வெளிக்காந்தம் ஏதாவது நெருங்கினால் போச்சு. அடிப்படலம் அதை மறக்காமல் வைத்துக்கொண்டு மேற்படலத்தின் வேலையைக் கெடுக்கும்.

இன்று இன்னும் குளிரவைத்து, ஆறு கெல்வினில்தான் மறைந்தது. திங்கட்கிழமை பேராசிரியரிடம் ஏழு காட்டாவிட்டால் புனிதனுக்கு வேலை இல்லை.

"என்னை ஏன்லா முறைக்கிறே?" என்றான் சசிதரன்.

"முறைக்கல. பார்க்கிறேன்."

அடுத்த சில்லைப் புனிதன் அலமாரியில் வைக்கவில்லை. நாள் முழுக்கச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். கேன்டீனுக்கும் அதோடுதான் போனான். சசிதரன் தோளில் தட்டியபோது துள்ளி விலகினான்.

அளந்தால், ஐந்து!

மிச்சமிருந்தது ஒரே சில்லு. வெள்ளிக்கிழமை அதைச் சுவா தோட்டத்தில் இருந்த தன் வீட்டுக்கே கொண்டுபோய்த் தலையணைக்கடியில் வைத்துப் படுத்தான்.

"பொண்டாட்டிய விட அதுதான் முக்கியமா?" என்றாள் விமலா.

"வேலைய விட வேற என்ன முக்கியம்?"

சனிக்கிழமை காலை ஆய்வுக்கூடத்தில் அளந்தான். எவ்வளவு குளிரவைத்தும் மின்தடை போகவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து, தலையணைக்கடியில் இருந்ததையும் கெடுத்துவிட்டான் என்று சசிதரன்மேல் பேராசிரியருக்குப் புகார் அனுப்பிவிட்டு வீடு திரும்பினான்.

மதியத்துக்குள் சசிதரனின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது.

"உனக்கு மண்டை கழண்டுபோச்சா? உன் தலகாணிக்கடியில நான் எப்படிடா வந்தேன்?"

"நீ வரல. ஆள் வெச்சிருக்கே!"

"யாரு, உன் பொண்டாட்டியா?"

புனிதன் மெல்லத் திரும்பி விமலாவைப் பார்த்தான். தேநீர்த் தட்டோடு வந்த அவள் முகம் சட்டென்று வெளுத்தது.

"விமலா... உண்மையச் சொல்லு. இவன் உன்கிட்ட ஏதாச்சும் கொடுத்தானா?"

"ஐயோ, அவர் எதுவும் கொடுக்கலங்க..."

"அப்ப வேற யாரு?"

அவள் வாய் திறப்பதற்குள் வீடு வீடாக உடல்நலப் பொருள் விற்கும் பக்கத்து வீட்டு வள்ளியம்மா கையில் ஒரு விலைப் பட்டியலோடு சிரித்தபடி உள்ளே நுழைந்தார்.

"தம்பி, உன் தலைவலிக்குன்னு விமலா எங்கிட்ட வாங்கி, நீ திட்டுவேன்னு சொல்லாமலே உன் சட்டைப்பை எல்லாத்துலயும் தலகாணியிலயும் வெச்சுத் தச்சாளே, அந்தக் காந்தம்லாம் நல்லா வேலை செய்யுதாலா?"