பின் சீட்டுப் பாரம்

"ஏளா, ஒரே ஒரு நம்பர்தான கேக்கேன். சொன்னா தேஞ்சா போயிருவ?"

காதில் பென்சிலோடு அடுக்களை வாசலில் நின்றார் வில்பிரட். மனைவி ஜெயசெல்வி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"எந்தச் சீட்டுக்கு?"

"இதென்ன கேள்வி? பின் சீட்டுக்குத்தான்."

"பின் சீட்டுக்கு என் எடையத் தர மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

வில்பிரட் தலையில் அடித்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். அந்தக் காலத்தில் குண்டு எறிதலில் மாவட்டத்துக்கே முதலாவதாக வந்தவள். அவள் ஆகிருதியை ஊரே பார்க்கிறது. அதை ஒரு எண்ணாகச் சொல்வதற்கு இவ்வளவு ரோசமா?

அவரோ கருவாடு மாதிரி ஒடிசலான ஆள். கப்பல் எஞ்சின் அறைகளில் பாதி ஆயுசு வெந்துவிட்டு தூத்துக்குடிக்குத் திரும்பியவர், வீட்டுக்குப் பின்னாலிருந்த உப்பு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கியில் ஆறு வருஷமாக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். ரெண்டு பேர் போகிற குட்டி விமானம். முன்னால் ஒரு சீட்டு, அதற்கு நேர் பின்னால் ஒரு சீட்டு. றெக்கை, எஞ்சின், சக்கரம் எல்லாம் முடிந்தாயிற்று. எந்தெந்த இடத்தில் எவ்வளவு பாரம், மொத்தப் பாரமும் எங்கே போய் விழுகிறது என்கிற கணக்குதான் பாக்கி. சனிக்கிழமை பெர்சி வந்து அதைச் சரிபார்க்க வேண்டும். பெர்சி, பக்கத்திலிருக்கிற ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் எஞ்சினியர். அவன் போனிலேயே எச்சரித்திருந்தான்.

"முன்பாரம் கொஞ்சம் கூடினாக்கூட சமாளிச்சிரலாம் அண்ணாச்சி. பின்பாரம் கூடிச்சுன்னா மூக்கத் தூக்கிக்கிட்டு அந்தரத்துல நின்னு, அப்படியே விழுந்துரும். ரெண்டு உயிரு. விளையாட்டில்ல."

அதனால்தான் வில்பிரட்டுக்குத் தூக்கம் போயிற்று.

"நீங்க இன்னும் ஓட்டவே படிக்கலியே?" என்றாள் ஜெயசெல்வி.

"கட்டினவனுக்கு ஓட்டுறது பெரிய வித்தையா? கணக்கு முடியட்டும், படிச்சுக்கிடுதேன்."

தோசை கருகியது. அதை அவர் தட்டில் வைத்தாள்.

கருவாட்டு வியாபாரி செல்லப்பாண்டியிடம் நாலு எடை மெஷின் இரவல் வாங்கி வந்தார். மூன்று சக்கரத்துக்கு மூன்று. விமானம் முழுக்க நெத்திலி வாடை. நாலாவதைக் கிட்டங்கி வாசலில் கால்மிதிக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு, "ஏளா, ஒரு டீ கொண்டா" என்று குரல் கொடுத்தார்.

அவள் வந்தாள். மிதித்தாள். மூலையில் மறைத்திருந்த மெஷின் திரையில் சிவப்பு எண்கள் எண்பதைத் தாண்டி ஓடின. அவை நிற்பதற்குள் அவள் காலை எடுத்துவிட்டாள். கால்மிதியிலிருந்து போன வயரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், டீயைத் தானே குடித்துவிட்டுப் போனாள்.

அன்றோடு கிட்டங்கிக்குச் சாப்பாடு நின்றது. ஒரு வருஷமாகவே அவள் விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விடுவாள், மத்தியானம்தான் வருவாள். எங்கே என்று கேட்க அவருக்கு ஏது நேரம்? அலமாரியில் இருந்த மக்ரூன் இனிப்புகளை வைத்து வயிற்றைக் கழுவினார். மக்ரூனில் காற்றைத் தவிர என்ன இருக்கிறது? வெள்ளிக்கிழமை மெஷினில் ஏறிப் பார்த்தால் ரெண்டு கிலோ குறைந்திருந்தார். முன் சீட்டில் எடை குறைந்தால் பின்பாரம் இன்னும் கூடும். அவள் பட்டினி போட்டே விமானத்தின் வாலைத் தாழ்த்திவிட்டாள்.

"சவத்த..." என்று வால் பக்கமிருந்த பேட்டரியைப் பிடுங்கி விமானத்தின் மூக்குக்குள் மாட்டினார். போதவில்லை. ஆலந்தலைக்குப் போய் வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளை ஒரு சாக்கு வாங்கி வந்து எஞ்சினுக்கு அடியில் கட்டினார். அவள் எடை எண்பது என்று குத்துமதிப்பாகப் போட்டதில் பாரம் சரியான இடத்தில் விழுந்தது. ஆனால் மொத்த எடை எல்லையைத் தாண்டிவிட்டது. எதையாவது குறைக்க வேண்டுமே! பின் சீட்டு மெத்தையைக் கழற்றி எறிந்தார்.

அதை ஜெயசெல்வி பார்த்துவிட்டாள்.

"மெத்தையையும் பிடுங்கியாச்சா? பின்னால இருக்கவன் வெறும் பலகையிலயா இருப்பான்?"

"இருக்கவன் என்ன இருக்கவன்? இருக்கப்போறது நீ."

"பாப்போம்."

சனிக்கிழமை காலையில் அவர் இறங்கி வந்தார். "ஏளா, ஒன்ன ஏத்திக்கிட்டு மணப்பாடு கோயிலுக்கு மேல ஒரு சுத்து சுத்தணும்னுதான் இவ்வளவும். தப்புக் கணக்குல ஒன்னக் கொன்னுட்டு நான் என்ன செய்ய? ஒரு தடவ ஏறி உக்காரு, போதும்."

அவள் முகம் கொஞ்சம் இளகியது. "சரி. ஏறிக் காட்டுதேன். அப்பவாவது எங்க கோளாறுன்னு ஒங்களுக்குப் புரியட்டும்."

வில்பிரட் முன் சீட்டில் ஏறினார். ஜெயசெல்வி பின் சீட்டில் கால் வைத்து, உட்கார்ந்தாள்.

மூக்கு மெல்ல எழுந்தது. "ஏளா, ஏளா!" என்று அவர் கத்துவதற்குள் வால் தரையில் 'டம்' என்று இடித்தது. ரெண்டு பேரும் கிட்டங்கியின் ஓட்டைக் கூரையை அண்ணாந்து பார்த்தபடி கிடந்தார்கள். கட்டவிழ்ந்த ஈயக்குண்டுகள் ஒவ்வொன்றாகத் தரையில் உருண்டன.

"அசையாத! நீ இறங்குனா மூக்கு கீழ அடிச்சு எஞ்சின் போயிரும்!"

"நான் அப்பவே சொன்னேன், பின்னால நான் ஆகாதுன்னு."

"எடையச் சொல்லியிருந்தா இந்த வம்பே இல்ல!"

அந்த நேரம் பார்த்து பெர்சி உள்ளே வந்தான். அந்தரத்தில் நிற்கும் மூக்கைப் பார்த்தான். ஓடிப்போய் வாலுக்கு முட்டுக் கொடுத்தான். வில்பிரட் மேலிருந்தபடியே கணக்குத் தாளை நீட்டினார். பெர்சி வாங்கிப் படித்தான், நெற்றியைச் சுருக்கினான்.

"முன் சீட்ல அம்பத்தாறுன்னு போட்டிருக்கிய. பைலட் எடை இவ்வளவு கம்மியாவா இருக்கும்?"

"இவ பட்டினி போட்டதுல எளைச்சுட்டேன் தம்பி. என் எடை இப்ப அவ்வளவுதான்."

பெர்சி தாளிலிருந்து தலையைத் தூக்கி, பின் சீட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

"ஒங்க எடையக் கொண்டுபோயி முன் சீட்ல எதுக்கு அண்ணாச்சி போட்டிய? போன மாசம் எங்க ஸ்கூல்ல பைலட் லைசன்ஸ் வாங்குனது மேடம்லா?"