கிதாப் போட்ட மெட்டு

தமிழ் சினிமாவில் அதிகப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் யார் என்று பத்திரிகைகளில் அடிக்கடி சண்டை நடக்கிறது. சும்மா இருங்கள் ஐயா. அந்த ஆள் சென்னையிலேயே இல்லை. அந்தமானில், சாத்தம் மரமில்லில், ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தார். ஸ்டுடியோ வாசலை மிதித்ததில்லை, ஆர்மோனியத்தைத் தொட்டதில்லை. ஆனாலும் அறுபதுகளில் வந்த படங்களில் பாதிக்கு மெட்டுப் போட்டவர் அவர்தான். படம் எடுத்தவர்களுக்குத்தான் அந்த விஷயம் தெரியாது.

அவரை எல்லோரும் கிதாப் என்று கூப்பிடுவோம். இந்தியில் புத்தகம் என்று அர்த்தம். மில்லில் வங்காளி, தெலுங்கர், மலையாளி என்று எல்லோரும் கலந்து கிடந்ததால் பட்டப்பெயர்கூட இந்தியில்தான் அமையும். அவருடைய சட்டைப் பையில் எந்த நேரமும் ஒரு சினிமாப் பாட்டுப் புத்தகம் மடித்து வைத்தபடி இருக்கும். கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒருவர், சென்னையிலிருந்து ஒவ்வொரு நடைக்கும் புதுப் படத்துப் பாட்டுப் புத்தகமாகப் பார்த்து வாங்கி வந்து கொடுப்பார். கப்பல் வருகிற நாளில் கிதாபுக்கு இருப்புக்கொள்ளாது. கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக்கும் மில்லுக்கும் நடந்து நடந்தே செருப்பு தேய்ந்துவிடும்.

மற்ற நாளில் மட்டும் உட்கார்ந்தாரா என்றால், அதுவும் இல்லை. நின்றுகொண்டே சாப்பிடுவார், நடந்துகொண்டே பேசுவார். நம்மையும் கூடவே நடக்க வைப்பார். ஒரு தடவை ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்ல ஆரம்பித்தவர், விஷயத்தை முடிப்பதற்குள் நாங்கள் மில்லை மூன்று சுற்று சுற்றியிருந்தோம்.

இப்படிப்பட்டவருக்கு வந்த சோதனையைப் பாருங்கள். புத்தகம் அடுத்த கப்பலிலேயே வந்துவிடும். படம் வந்துசேர இரண்டு வருஷம் ஆகும். யாரிடமும் ரேடியோ கிடையாது. ஒரு பெரிய அதிகாரி வீட்டில் இருந்ததில் சென்னையைத் திருகினால், கொரகொரவென்று யாரோ தொண்டையைக் கனைப்பதுதான் கேட்கும். கையில் வார்த்தை இருக்கிறது, ராகம் இல்லை. வேறு ஆளாக இருந்தால் காத்திருப்பான். கிதாப் அன்றைக்குச் சாயங்காலமே தானாக ஒரு மெட்டைப் போட்டு, "மெயின்லேண்ட்ல இப்பம் இதான் பாடுதாங்க" என்று அவிழ்த்துவிடுவார். மில்லே அதைப் பிடித்துக்கொள்ளும். தமிழில் ஓர் எழுத்துத் தெரியாதவன்கூட அவர் மெட்டில் அட்சரம் பிசகாமல் பாடுவான்.

படம் வருவதற்குள் அந்த மெட்டெல்லாம் மறந்துபோகும், அதில் ஒரு பாட்டு மட்டும் மறக்காமல் ஒரேயடியாகக் கொடி கட்டிப் பறந்தது. முன்னால் போகிறவனைப் பார்த்து, கொஞ்சம் நில், நானும் வருகிறேன் என்று கூப்பிடுகிற பாட்டு. கிதாப் அதற்குத் தவிலடி மாதிரி ஒரு மெட்டுப் போட்டிருந்தார். எதிர்க்கரையிலிருக்கிற பம்பூபிளாட்டுக்குப் போகிற படகு ஜெட்டியை விட்டு நகர்ந்துவிட்டால், பின்னால் ஓடி வருகிறவர்கள் அதைப் பாடிக்கொண்டேதான் ஓடி வருவார்கள். படகுக்காரனும் சிரித்துக்கொண்டே நிறுத்துவான். கல்யாண ஊர்வலத்திலும் அதுதான்.

இந்த லட்சணத்தில்தான் நான் சென்னையிலிருந்து மில்லுக்கு டைப்பிஸ்ட்டாக வந்து இறங்கினேன். கப்பலேறுவதற்கு முந்தின வாரம் மறுபடி ஓட்டிய அந்தப் பழைய படத்தை இரண்டு தடவை பார்த்திருந்தேன். மில்லாட்கள் கூடுகிற டாலிகஞ்ச் டீக்கடையில் என்னையறியாமல் அந்தப் பாட்டை முணுமுணுத்தேன். கடையே விழுந்து விழுந்து சிரித்தது. மெட்ராசிலிருந்து வந்தும் ஒரு பாட்டு ஒழுங்காகத் தெரியவில்லையே என்று உச்சுக்கொட்டினார்கள். மில்லில் மரம் இழுக்கிற வின்ச் ஓட்டுகிற வங்காளி ஒருவர், பீமசேனன் மாதிரி உடம்பு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சரியான மெட்டைச் சொல்லிக்கொடுத்தார். எனக்குக் கொதித்த கொதியில் டீ ஆறிப்போனது.

மறுநாள் சாயங்காலம் கிதாப் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், வாசலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். கடைசியில், நான் முணுமுணுத்ததைப் பாடிக் காட்டச் சொன்னார். ஒரு வரி பாடினேன். நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வே, இது ஒப்பாரில்லா?"

ஆமாம் என்றேன். படத்தில் கதாநாயகன் செத்துப்போன தம்பியைப் பார்த்துப் பாடுகிற பாட்டு அது.

"நான் கல்யாண வீட்லல்லாம் பாடிருக்கேனே" என்றார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வரிக்கு நான் வாயைத் திறந்தபோது கையை நீட்டித் தடுத்தார். வெளியே யாராவது கேட்டுவிடுவார்களாம்.

"படம் வாரது வரைக்கும் இதை எங்கயும் பாடிராதேயும். ரம்பம் தீட்டுதவனை எவன் மதிக்கான்? எனக்கு இங்க இருக்கது இந்தப் பாட்டு ஒண்ணுதான்."

வாயை மூடிக்கொண்டேன். எட்டு மாசம் மூடிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் பாட்டுத் தெரியாத பாபு என்ற பெயரையும் சுமந்தேன். யாருக்காவது இது சுலபம் என்று தோன்றினால், அவர் எட்டு நாள் இருந்து பார்க்கட்டும்.

படம் வந்தேவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. மொத்த மில்லும் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கொட்டகைக்குப் போனது. கிதாபை மட்டும் காணோம். எனக்கும் கால் நிற்கவில்லை. தேடிக்கொண்டு சாத்தம் ஜெட்டிக்குப் போனால், படகில் இருக்கிறார். காலையிலிருந்து பம்பூபிளாட்டுக்கும் சாத்தத்துக்குமாகப் போய்ப் போய் வருகிறாராம். இறங்கவும் மாட்டேன் என்கிறார், உட்காரவும் மாட்டேன் என்கிறார் என்று படகுக்காரன் என்னிடம் முறையிட்டான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே நுழையும்போது பாதிப் படம் ஓடியிருந்தது. பின்னால் சுவரோரமாக நின்றோம்.

தம்பி செத்தான். கதாநாயகன் தலையில் கைவைத்தான். புல்லாங்குழல் மெல்ல ஆரம்பித்தது. இரண்டு வரி வரைக்கும் கொட்டகை மூச்சு விடவில்லை. மூன்றாவது வரியில் வின்ச்காரர் எழுந்தார்.

"அரே, கலத் பஜா ரஹா ஹை! பந்த் கரோ!"

தப்பாக வாசிக்கிறான், நிறுத்து என்கிறார். அவ்வளவுதான், எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மெட்டை மாற்றிவிட்டான், மிஷின் மெதுவாக ஓடுகிறது, ஆப்பரேட்டர் தூங்குகிறான் என்று ஒரே கூச்சல். ஆப்பரேட்டர் பயந்துபோய் நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டான். வெளிச்சத்தில் வின்ச்காரர் கண்ணில் நான் பட்டேன்.

"டைப் பாபு, தும் போலோ. மெட்ராஸ் மே தேக்கா நா? யே சஹி ஹை?"

சென்னையில் படம் பார்த்த ஒரே ஆள் நான். இது சரிதானா என்று கொட்டகை முழுக்கத் திரும்பி என்னைக் கேட்கிறது. எட்டு மாசமாக நான் கனவு கண்டுகொண்டிருந்த நிமிஷம் ஐயா அது. ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். பக்கத்தில் கிதாப், வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையையும் காலையும் ஆட்டாமல், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உப்புக்காத்து" என்றேன். நாலு நாள் கடலில் வந்ததல்லவா, ரீல் உப்புப் பிடித்துச் சத்தம் இழுத்துக்கொண்டுவிட்டது, சென்னையில் கிதாப் பாடுகிற மாதிரிதான் இருந்தது என்று இந்தியும் தமிழுமாக உளறிக்கொட்டினேன். தீவில் சைக்கிள், பூட்டு, தையல் ஊசி எல்லாம் உப்புக்காற்றில்தான் போகும். பாட்டு மட்டும் போகாதா? ஒருவர்கூட மறுகேள்வி கேட்கவில்லை. படம் மறுபடி ஓடியது. கெட்டுப்போன பாட்டை நாமே சரிசெய்துவிடலாம் என்று மொத்தக் கொட்டகையும் கைதட்டி, கிதாப் மெட்டில் பாடித் தீர்த்தது. திரையில் அந்த மனிதன் பிணத்துக்குப் பக்கத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

வெளியே வந்து ஜெட்டிக்கு நடந்தோம். ஐந்து மணிக்கே அங்கே இருட்ட ஆரம்பித்துவிடும். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, அதெல்லாம் எதற்கு என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

"ஏம்வே, வாயை மூடிக்கிட்டுக் கேளுங்கடேன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?" என்று என்மேல் பாய்ந்தார். "ரெண்டு வருசமா அதுக்காகக் காத்துக் கெடந்தேன். கடைசில ரெண்டு வரிக்கு மேல காதுல விழல."

மானம் போய்விடும் என்று காலையெல்லாம் படகில் அலைந்த மனுஷன், பாட்டுப் போய்விட்டதே என்று அழாத குறையாக நிற்கிறார்.

"நீரு பாடும். முழுசாப் பாடும்" என்றார்.

என் குரலைப் பற்றி என் வீட்டாரைக் கேட்டால் தெரியும். ஆனாலும் ஜெட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடினேன். படகு வந்து நின்றது. அவர் ஏறவில்லை. படகு போனது. இன்னொரு தடவை பாடச் சொன்னார், பாடினேன். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"என்னைவிட நல்லாப் போட்டிருக்கான்" என்றார்.

அதற்கப்புறம் அவர் அந்த மெட்டைப் பாடி நான் கேட்டதில்லை. மில்லில் யார் கேட்டாலும் பழைய தவிலடிதான்.

அந்தப் பாட்டை இன்றைக்கும் ரேடியோவில் போடுகிறார்கள். வீட்டில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு உருகுகிறார்கள். நான் மட்டும் தொடையில் தட்டிக்கொண்டு வேறு மெட்டில் பாடுவேன். தாத்தாவுக்குக் காது போய்விட்டது என்று பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். சரியான மெட்டு எனக்கும் தெரியும். அந்த மனுஷனை விட்டுக்கொடுக்கத்தான் மனசு வரவில்லை.