இருக்கறதுலயே ஒசத்தி

நம்மிடையே ஓர் இனம் உண்டு. தனக்கு என்ன வேண்டும் என்று அதைச் சேர்ந்தவருக்குத் தெரியாது. ஆனால் அதில் இருப்பதிலேயே ஒசத்தியானதுதான் வேண்டும். ஒசத்திப் பிரியர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவிலேயே நாலு பேர் தேறுவார்கள். பனிமலை ஏறுகிறவர்கள் போடும் பூட்ஸை வாங்கி மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறாரே, அவர்தான். ஆழ்கடலில் முங்கினாலும் ஓடும் கடிகாரம் கட்டியிருப்பார். குளிக்கப் போகும்போது பத்திரமாகக் கழற்றி வைத்துவிடுவார்.

நான் பின்னல் உறை விற்கிறவன். அப்படியென்றால் என்ன என்று பெண் பார்க்கப் போன வீட்டிலேயே கேட்டார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நூலைக் குழாய் மாதிரிப் பின்னியிருப்போம். பாம்பு உரித்துப் போட்ட சட்டை போல மெத்தென்று கிடக்கும். அமுக்கினால் வாய் அகலும், இழுத்தால் உள்ளே இருப்பதை இறுக்கிப் பிடிக்கும். சூட்டில் ஓடுகிற கம்பிமேல் மாட்டினால் கம்பியைக் காக்கும், பிசின் தடவிக் காயவிட்டால் படகுத் துடுப்புக்கும் சைக்கிள் சட்டத்துக்கும் பலம் கொடுக்கும். எது எதற்கு என்பது நூலைப் பொறுத்தது. கண்ணாடியை உருக்கி இழுத்த வெள்ளை நூல் சூடு தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது, கையில் பட்டால் அரித்துத் தொலைக்கும். அராமிட் என்கிற மஞ்சள் நூலை வெட்டுவதற்குள் கத்தரிக்கோலுக்கே அலுத்துவிடும். கார்பன் நூல் கன்னங்கரேலென்று மினுங்கும், எடை கிடையாது, பலமென்றால் அப்படியொரு பலம். ஆகவே கடைக்கு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். எதுக்கு?

ஒசத்திப் பிரியருக்கு இந்தக் கேள்வியைக் கேட்டாலே முகம் சுண்டிவிடும். தன்னுடைய தகுதியைச் சந்தேகப்படுகிறோம் என்று நினைப்பார். "எதுக்கா இருந்தா என்னங்க, இருக்கறதுலயே ஒசத்தி எதுன்னு சொல்லுங்க" என்பார். மருந்துக் கடையிலும் இவர் இப்படித்தான் கேட்பாரோ என்று நான் யோசித்ததுண்டு. கேட்பாராம். மருந்துக் கடைக்காரரே சொன்னார்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற உருப்படி ஒன்று எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. என் அக்காவின் கணவர். அக்கா ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு ஒரு சின்ன பேக்கரி திறந்தாள். பழைய மின் அடுப்பு ஒன்று வாங்கி, கம்பிகளைப் புதிதாக மாற்றினார்கள். பக்கத்து ஆஸ்பத்திரி கேன்டீன்காரர், கடை திறக்கிற அன்று சாயங்காலம் அனுப்புகிற பன் நன்றாக இருந்தால் தினமும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் அக்கா கடையையே திறந்தாள்.

அடுப்பின் பின்னால் கம்பிகளின் கடைசிச் சாண் நீளம் வெறும் கம்பியாகத்தான் இருக்கும். அந்தச் சூட்டில் ரப்பர் உருகிவிடும். அங்கே மாட்ட உறை வேண்டும் என்று மாமா என் கடைக்கு வந்தார். வெள்ளை உறையை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், செத்த எலியைத் தூக்குவது போல.

"என்ன மாப்ள, பேண்டேஜ் துணி மாதிரி இருக்கு. அந்தக் கறுப்பு?"

"அது கார்பன் மாமா. துடுப்புக்கு, சைக்கிளுக்கு."

"ரேஸ் காரே அதுலதான் பண்றான்."

"ரேஸ் கார் பன் சுடறதில்லையே மாமா. அதோட கார்பன்ல கரண்ட் பாயும்."

"நல்ல சாமான்ல எல்லாம் நல்லாத்தான் பாயும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சொந்த அக்காவுக்கே மட்டமானதைத் தள்ளி விடறியே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வெள்ளை உறையைச் சுற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனவர், நேராக அடுத்த தெருக் கடைக்குப் போய், எதுக்கு என்று கேட்காத அந்தப் புண்ணியவானிடம் கறுப்பு உறை வாங்கியிருக்கிறார். எலக்ட்ரீஷியனை நம்ப முடியாது என்று அதைத் தன் கையாலேயே மாட்டியும் இருக்கிறார்.

திறந்த அன்று மத்தியானம் அக்கா போன் செய்தாள். "அடுப்பைப் போட்டா டப்புனு மெயின் சுவிட்ச் விழுது. மாவு பொங்கி நிக்குது, இன்னும் கொஞ்ச நேரம் விட்டா புளிச்சுப் படுத்துரும். சீக்கிரம் வாடா." அழுதுவிடுவாள் போலிருந்தது.

போய் அடுப்பின் பின்தகட்டைக் கழற்றினேன். உள்ளே கன்னங்கரேலென்று மினுங்கிக்கொண்டு, தகட்டில் சாய்ந்தபடி மூன்று உறைகள்.

"மாமா, நீங்க கம்பிக்கு உறை போடலை. கம்பிக்கு மேல இன்னொரு கம்பியப் போட்டிருக்கீங்க."

"ஒருவேளை, இது டூப்ளிகேட் கார்பனா இருக்குமோ?"

ஒரிஜினல்தான். அதுதான் பிரச்சனையே. எனக்கு வந்த கோபத்தில் எதையாவது சொல்லியிருப்பேன், அக்கா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். வெள்ளை உறை எங்கே என்று தேடினால், மாமா அதைத் தராசின் ஆடுகிற காலுக்கு அணை கொடுத்து வைத்திருந்தார். தூசி தட்டி மாட்டினேன். சுவிட்ச் விழவில்லை, அடுப்பு சூடேறியது. அக்கா மளமளவென்று தட்டுகளை உள்ளே தள்ளினாள்.

பன் கொஞ்சம் அமுங்கித்தான் வந்தது. கேன்டீன்காரர் வந்து ஒன்றைப் பிய்த்தார். மாமா முந்திக்கொண்டு, "மாவு இருக்கறதுலயே ஒசத்திங்க" என்றார். அந்த மனுஷன் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "நோயாளிங்க டீயில முக்கிச் சாப்பிடறது. கரையாம நிக்குமா?" என்று கேட்டு, ஒரு டம்ளர் டீ வாங்கித் தானே முக்கிப் பார்த்து, மென்று முடித்து, "நாளைலருந்து அனுப்புங்கம்மா" என்றார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்றாள்.

மாமா திருந்தியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? அவர் அப்போது மெயின் சுவிட்சின் முன்னால் நின்று அதை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். "மாப்ள, தப்பு இதுமேலதான். தொட்டதுக்கெல்லாம் விழுது. இருக்கறதுலயே பெருசா ஒண்ணு வாங்கி மாட்டிட்டா விழவே விழாது." கடை எரியாமல் காப்பாற்றியதே அதுதான் என்று நான் சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"விடுடா. நம்ம அப்பாவும் எனக்கு இருக்கறதுலயே ஒசத்தி மாப்பிள்ளையாத்தான் தேடினாரு" என்றாள், அடுத்த தட்டுக்கு மாவை உருட்டிக்கொண்டே. மாமாவுக்கு ஒரே பெருமை. அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று: உங்கள் பிள்ளையை எங்கே படிக்க வைக்கலாம் என்று விசாரித்தீர்களே, அன்றைக்கு என்ன கேட்டீர்கள்? இவனுக்கு எது ஒத்துவரும் என்றா, இல்லை இந்த ஊரிலேயே ஒசத்தி எது என்றா? பிள்ளை இப்போது வீட்டில்தான் இருப்பான். தொட்டதுக்கெல்லாம் எரிந்து விழுகிறான் என்று நேற்றுகூட யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.