பெருவிரல் பற்றி ஜீவராணிக்கு

மேட்டு லயம்,
தலவாக்கலை.
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஜீவராணிக்கு அப்பா பழனியாண்டி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம், என் இடது கால் பெருவிரலைத் தவிர. கொழும்பில் நீயும் உன் அறைப் பிள்ளைகளும் சுகமாக இருக்க முருகன் துணை. இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது சொல்கிறாய், கடைசியில் அழுகிறாய். அதனால்தான் கடிதம்.

கிளினிக்கில் டாக்டர் சொன்னதை அம்மா உன்னிடம் சொல்லிவிட்டாளாம். பதினெட்டாம் தேதி போகும்போதும் இரத்தத்தில் சீனி முந்நூறைத் தாண்டி நின்றால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றார். உடனே நீ தையல் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்கிறாய். வேண்டாம் மகளே. அப்பா சொன்ன பேச்சுக் கேட்காத ஆள் என்று நினைக்கிறாய். இந்த மூன்று மாதம் நான் கிளினிக் நர்ஸ் மிஸ்மாரின் பேச்சைக் கேட்டது போல, தோட்டத்தில் உழைத்த முப்பத்தெட்டு வருஷத்தில் கங்காணி பேச்சைக்கூடக் கேட்டதில்லை. நடந்ததை எழுதுகிறேன், நீயே தீர்ப்புச் சொல்.

முதலில் புண். கீரைப் பாத்தியில் நின்றபோது அட்டை கடித்தது எனக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினால் உள்ளே இரத்தம். அதற்குப் பின் அது ஆறவே இல்லை. கிளினிக்கில் சர்மிளா மிஸ் விரலைத் தொட்டு, "வலிக்குதுங்களா ஐயா?" என்றார். "கொஞ்சங்கூட இல்லீங்க மிஸ்," என்று பெருமையாகச் சொன்னேன். "வலிக்காததுதாங்க ஐயா பயமே," என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டார். வலித்தால் வியாதி, வலிக்காவிட்டாலும் வியாதி என்றால் மனிதன் எங்கே போவான்? உள்ளங்காலைத் தினமும் பார்க்க வேண்டுமாம். என் முதுகு எங்கே வளைகிறது? உன் அம்மா பொட்டு வைக்கும் கண்ணாடியைத் தரையில் போட்டுப் பார்க்கிறேன். அதற்கு அவளிடம் தினமும் பேச்சு வாங்குகிறேன்.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. "வெறும் வயித்தோட வாங்க" என்றார்கள். வெறும் வயிற்றோடுதான் போனேன். ஐந்து மணி பஸ், குளிர் வேறு, பால் விடாத வெறுந்தேத்தண்ணி மட்டும் குடித்தேன். வெறும் வயிற்றில் வெறுந்தேத்தண்ணி. இரண்டு வெறும் சேர்ந்து முந்நூற்றுப் பன்னிரண்டு எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. "தேத்தண்ணியில சீனி போடாதீங்க" என்று மிஸ் சொன்ன நாளிலிருந்து என் கோப்பையில் ஒரு மணி சீனி விழுந்ததில்லை. சாமி சத்தியம். உன் அம்மாவே சாட்சி.

பிறகு இந்தச் சீனி வியாதிக் குளிசை. மருந்து கொடுக்கிற மாத்தயா உறையில் சிங்களத்தில் எழுதி, "கேமட்ட பெர" என்று வாயாலும் சொன்னார். தக்காளி விலை பேசும் அளவுக்கு எனக்கும் சிங்களம் தெரியும். கேம என்றால் சாப்பாடு. பெர என்றது, பாவம், நமக்காகத் தமிழில் 'பெறகு' என்று சொல்லப் பார்க்கிறார், பாதியை முழுங்குகிறார் என்று சந்தோஷப்பட்டு, "ஹரி மாத்தயா", சரிங்க ஐயா, என்று சொல்லி வந்துவிட்டேன். சாப்பாட்டுக்குப் பெறகுதான் போட்டேன். எவ்வளவு பெறகு என்று அவர் சொல்லவில்லை. கீரைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து போட்ட நாளும் உண்டு, படுக்கும்போது நினைவு வந்த நாளும் உண்டு. சில நாள் அந்தப் பெறகு வரவே இல்லை.

நேற்றுக் கடையில் நஜீம் நானா அந்த உறையைப் பார்த்தார். "என்னா மனுஷன் நீங்க! பெரன்டா முந்தி. சாப்பிட முந்திப் போடோணும்," என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படி ஏறி வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று மாதம், ராணி. ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டதற்கு ஒரு விரலா? இந்த வியாதியைவிட அதற்குச் சொல்லும் புத்திமதிகளைச் சுமந்துதான் நான் களைத்துப் போனேன்.

இப்போது எல்லாம் சரி. முந்தியே போடுகிறேன். ஆகையால் நீ வர வேண்டாம். கிளினிக் முடிந்து, தீபாவளிக்கு வந்தால் போதும். நேரத்துக்குச் சாப்பிடு. உன் கை கால் விரல் இருபதையும் தெய்வம் குறைவில்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: உறையை ஒட்டுமுன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'சாட்சி' என்ற இடத்தில் எழுந்து வந்து என் இடது கையை விரித்துப் பிடித்தாள். "கோப்பையில விழலீங்க. இதுல விழுந்தது யாரு வீட்டுச் சீனிங்க?" என்றாள். நீயும் பார்த்ததுதானே, நம் லயத்து வீடுகளில் எல்லாரும் குடிப்பது போலத்தான், உள்ளங்கையில் சீனியை வைத்து ஒரு நக்கு, ஒரு மடக்குத் தேத்தண்ணி. தேத்தண்ணியில் போடாதே என்றுதான் மிஸ் சொன்னார், கையைப் பற்றிப் பேசவில்லையே என்று இருந்துவிட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து கோப்பை. பரிசோதனைக்குப் போன காலையிலும்தான். இதை மிஸ்ஸிடம் என் வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது மகளே. மேலே வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடு. வேலையை விடாதே, இரண்டு நாள் லீவு போட்டு வா. பதினெட்டுக்குப் பெறகு இல்லை. பெர.