கரடிக்கு எந்தச் சன்னம்?

தன் நிழலிடமும் அடையாள அட்டை கேட்டுவிட்டுத்தான் கூட நடக்க விடும் மனிதர் லண்டனில் ஒரே ஒருவர்தான். அவர் சந்தேகம் அண்ணை. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். அதை அவர் யாருக்கும் காட்டியதில்லை.

நான் விலங்கியல் படித்துக்கொண்டே மோர்டன் பக்கத்துப் பார்சல் டிப்போ ஒன்றில் பகல் ஷிப்ட் செய்தபோது பழக்கம். 'உடையும் பொருள்' என்று ஒட்டிய பெட்டியை அண்ணை காதருகே வைத்துக் குலுக்குவார். "லேபிளை ஒட்டினது ஆர்? அனுப்பினவன். அவன் உண்மை சொல்லுவானோ?" குலுக்கி முடித்த பிறகு லேபிள் சொன்னது உண்மையாகிவிடும்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தள்ளுவண்டிகளுக்குப் பின்னால் கூப்பிட்டார். சுற்றிவரப் பார்த்தார். மேலேயும் பார்த்தார்.

"பிள்ளை, கரடியைச் சுட எந்தச் சன்னம் நல்லது? கைத்துவக்குக்கு."

இடியப்பப் பெட்டியை மூடி வைத்தேன். கைத்துப்பாக்கியும் குண்டும் வைத்திருந்தாலே உள்ளே தள்ளும் நாடு இது. மோர்டனில் நரியைவிடப் பெரிய காட்டு விலங்கும் கிடையாது.

"போனிலை தேடலாந்தானே அண்ணை, ஏன் என்னட்டைக் கேக்கிறியள்?"

"என்ர பேரிலை தேடினா அஞ்சு நிமிசத்திலை கதவு தட்டுவாங்கள். நீ மிருகம் படிக்கிற பிள்ளை. படிப்புக்கு எண்டு சொல்லலாம்."

மூன்று நாள் அவரை வேவு பார்த்தேன். நான் வேவு பார்ப்பதை அவர் வேவு பார்த்தார். நாலாம் நாள் தாங்கமுடியாமல் அவரே உடைத்துச் சொன்னார். அவருடைய ஒரே மகள் அலாஸ்காவில் ஆற்றங்கரை முகாமொன்றில் சால்மன் மீன் எண்ணும் வேலைக்குப் போகிறாள், ஒரு கோடை முழுக்க. அந்த மீனுக்குக் கரடிகளும் வரும். முகாமில் துவக்குத் தருவார்கள். சன்னத்தை அவரவர் தெரிவு செய்யலாமாம்.

அவ்வளவுதான், என் சந்தேகமெல்லாம் பறந்து ஆர்வம் பற்றிக்கொண்டது. இரண்டு இரவு வாசித்துவிட்டு வந்து ஒப்புவித்தேன். முனையில் பள்ளமுள்ள சன்னம் பட்டதும் விரிந்து, ஆழம் போகாமல் நின்றுவிடும். கரடியின் கொழுப்பையும் தடித்த எலும்பையும் தாண்ட விரியாத, தட்டை முனைக் கெட்டிச் சன்னம்தான் சரி.

"விரியிறது மனிசருக்குச் செய்தது," என்றார் அண்ணை, வலது முழங்காலைத் தடவியபடி. "எனக்குத் தெரியும்."

முழங்காலிலிருந்து கையை எடுத்தார். பிறகு அவர் பழையபடி ஆனார்.

"கெட்டிச் சன்னம் நல்லதெண்டு ஆர் எழுதினது?"

"கரடியிட்டைத் தப்பினவங்கள், அண்ணை."

"அப்ப தப்பாதவன் என்ன சன்னம் போட்டவன்? அவன் ரிவ்யூ எழுதேல்லையே!"



அடுத்து உதைப்பு. கனமான சன்னம் கையைத் தூக்கி அடிக்கும், இரண்டாவது வெடி குறி தப்பும் என்று சொல்லித் தொலைத்தேன். உடனே பரிசோதனை. மகளுக்கும் எனக்கும் ஒரே மணிக்கட்டு என்று அவரே முடிவுசெய்து, துவக்கென்று ஒன்றேகால் கிலோப் பார்சலை நீட்டிப் பிடிக்கச் சொன்னார். மற்றக் கையில் சன்னத்துக்குப் பதில் டேப் உருளைகள். அவர் பழுப்புக் குளிர்கோட்டைப் போட்டு, தொப்பியை இழுத்துவிட்டு, முப்பதடி தள்ளி நின்றார்.

"நான்தான் கரடி. வாறன். எறி!"

நொண்டிக்கொண்டே உறுமி ஓடிவந்தார்.

"உண்மைக் கரடி நொண்டாது அண்ணை!"

"நொண்டுற கரடிக்குத்தான் கோபம் கூட!"

மூன்று உருளை எறிந்தேன், மூன்றும் தவறின. நாலாவது மேனேஜரின் கோப்பையில் விழுந்தது. "பாதுகாப்புப் பயிற்சி," என்றார் கரடி.

அன்று மாலையே மகளுக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். "பிள்ளை, கெட்டிச் சன்னம் எடு. ஆனா ஆகக் கனமானது வேண்டாம். உனக்குக் கை ஆடும்."

"அப்பா, நான் துவக்கே வேண்டாமெண்டு எழுதிக் குடுத்திட்டன். கரடிக்கு அடிக்கிற மிளகாய் ஸ்பிரே தருவினம், துவக்குக்காரர் ஒராளும் கூட வருவார்."

"ஏனம்மா?"

"எங்கட வீட்டிலை ஒருத்தரும் துவக்குத் தொடக்கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அண்ணையின் கை முழங்காலுக்குப் போனது. "ஓம், சொன்னனான்," என்றார் மெல்ல. பிறகு, "அந்தத் துவக்குக்காரர் என்ன சன்னம் போடுறார் எண்டு கேள். ஸ்பிரே அடிக்கேக்கை காத்து எதிர்ப்பக்கம் வந்தா?"

கோடை முடியும்போது மகள் ஒரு படம் அனுப்பினாள். கையில் சால்மன், முகமெல்லாம் சிரிப்பு. அண்ணை முகத்தைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்த காட்டைப் பெரிதாக்கி ஒவ்வொரு மரமாகச் சோதித்தார். பிறகு எனக்கு அனுப்பினார்.

"அந்தப் பழுப்பு என்ன, பிள்ளை?"

"மரக்கட்டை, அண்ணை."

வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு பதிலை அவர் திருப்பிக் கேட்கவில்லை. போனை அணைத்துப் பைக்குள் வைத்துவிட்டு நிம்மதியாகப் பார்சல் குலுக்கப் போனார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், அந்த மரக்கட்டையை நான்தான் இன்னும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.