ஆர்வில் ஹாக்ஸ்டட் ஐம்பது தோட்டாக்களோடு பொருத படலம்

ஈயம் உருக்கிச் சிவந்த கரமும், புகை படிந்த புருவமும், மூக்கின் நுனிவரை இறங்கிவிட்ட கண்ணாடியும் உடையவராய், வடக்கு மொன்டானாவின் காற்றோயாச் சமவெளியில், காருக்கென்று கட்டப்பட்டு ஒருநாளும் காரைக் கண்டிராத ஷெட்டின் தனிப்பெரும் வேந்தராய் வீற்றிருந்த ஆர்வில் ஹாக்ஸ்டட் வாழ்க! டயர்க் கடைகள் பழைய சக்கரங்களிலிருந்து கழற்றிய ஈயத்துண்டுகளைத் திறையாகப் பெற்றவர் வாழ்க! ஒரு கால் குட்டையான அவரது நாற்காலியும் வாழ்க!

அவ்வேந்தர் போர்க்கோலம் பூண்ட காரணத்தைச் சொல்வேன். பதினொரு குளிர்காலம் என் கார் வெளியே நின்று பனியில் புதைந்தது. அக்டோபரில் ஒரு காலை, முதற்பனி வருகிறதென்று வானொலி முழங்கிய வேளையில், கார்க் கண்ணாடியின் பனி சுரண்டும் தகட்டை அவரது காப்பிக் கோப்பைக்கருகே உருவிய வாளென வைத்து, வேந்தரின் பட்டத்தரசியாகிய நான் பிரகடனம் செய்தேன்:

"இத பாரு ஆர்வில். சனிக்கிழமை துப்பாக்கி கிளப் போட்டியில நீயே வார்த்த குண்டுல ஐம்பது சுடு. ஐம்பதும் ஒழுங்கா வெடிச்சா ஷெட்டு உனக்கு. ஒண்ணு சிக்கினாலும் என் காருக்கு."

"வெண்ணெய்ல கத்தி எறங்கற மாதிரி எறங்கும் பாரு," என்றார் வேந்தர், வாய் நிறைய அப்பத்தோடு.

செய்தி கேட்டு வேலிக்கப்பாலிருந்து வந்தார் டேல், கிளப்பின் செயலாளர். வந்தது குண்டுகளைப் பார்க்கவா, எங்கள் சண்டையைப் பார்க்கவா என்பது அவருக்கே வெளிச்சம்.

"என்னடா இது, குண்டா பேதி மாத்திரையா? கடையில வாங்கித் தொலையேன்."

"கடைக்குண்டு சுடறவனும் டப்பா சூப்பு குடிக்கறவனும் ஒரே ஜாதிடா. நகரு, வெளிச்சத்த மறைக்காத."

தொடங்கிற்று போர். தோட்டா பூட்டும் பொறியின் மதயானைத் துதிக்கை போன்ற கைப்பிடியை வேந்தர் வலக்கரத்தால் பற்றினார். மருந்து நிறைத்து வாய் சற்றே விரித்த பித்தளைக் கூட்டின்மேல், மெழுகுப்பசை பூசிய ஈயக்குண்டை, இளவரசனுக்கு முடிசூட்டும் பதத்தோடு நிறுத்தினார். கைப்பிடியைத் தாழ்த்த, மேலிருந்த அச்சு குண்டைத் தலையில் அழுத்தி, கூட்டுக்குள் அளவாக அமர்த்தியது. அளவு சரிபார்க்க, துப்பாக்கியிலிருந்து கழற்றிவைத்த குழலில் போட்டார். 'ணங்' என்று விழுந்து நின்றது. வெற்றி! அவ்வாறே பதினைந்து.

பதினாறாவது, மயிரிழை ஆழம் அதிகம். ஆழம் போனால் கூட்டுக்குள் அழுத்தம் ஏறும். அதைப் பொறுத்துக்கொள்ளும் மூடரல்லர் நம் வேந்தர். அதைப் பிரித்துப் போட்டு, அச்சின் திருகைக் கால் சுற்று உயர்த்தினார். சரியாயிற்று. மீண்டும் ஆழம், மீண்டும் உயர்த்தினார். பிறகு யாரும் எதிர்பாராத வண்ணம் அடுத்தது ஒட்டகம்போல் கழுத்தை நீட்டிக்கொண்டு குழலுக்குள் இறங்க மறுத்தது! திருகைத் தாழ்த்த, அது சரி, அதற்கடுத்தது பள்ளம். ஈயத்தை ஐயுற்றார், பித்தளையை ஐயுற்றார், அளவுகோலை ஐயுற்றார், தம் கண்ணையே ஐயுற்றார், கடைசியில் டேலை ஐயுற்றார். முன்னேறினால் பின்வாங்கியும் பின்வாங்கினால் முன்னேறியும் முகங்காட்டாது பொருத அப்பகைவனோடு இரண்டு பகல் மல்லாடி, வெள்ளி பிற்பகலில் பெட்டியில் தேறியவை பத்தொன்பதே.

அளவுநாடாவோடு நான் உள்ளே போனேன். காரின் அகலம் பார்க்கத்தான், அதில் ஒளிவுமறைவில்லை. வேந்தர் பொறியை மேசையோடு பிணைத்த திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கோ," என்றார், திரும்பாமலே. "ஷெட்டு உனக்குத்தான். தோத்துட்டேன்."

மேசைமேல் பழுப்பாகச் சிப்பி போன்ற சில்லுகள் சில சிதறிக் கிடந்தன. ஒன்றை எடுத்தேன். மெழுகு வாசனை.

"இது என்ன?"

"அழுக்கு. எப்பவாச்சும் குண்டுத் தலையில ஒட்டிக்கிட்டு வரும். தொடச்சுப் போட்டுடுவேன்."

ஒரு குண்டின் தலையில் வைத்துப் பார்த்தேன். தைத்த தொப்பிபோல் பொருந்தியது.

அக்கணத்தில் என்னெதிரே விரிந்தது சொர்க்கம்: உறைபனி தீண்டாக் கண்ணாடி, முதல் திருகலிலேயே உறுமும் எஞ்சின், குளிராத இருக்கை. வாயை மூடிக்கொண்டால் போதும். அவர் மறைந்து மூன்று ஆண்டாகிறது. ஏன் வாயைத் திறந்தேன் என்று இன்றும் எண்ணிப் பார்ப்பதுண்டு. திருகாணி கழற்றிக்கொண்டிருந்த அந்த முதுகைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"ஆர்வில், உன் பகையாளி அச்சுக்குள்ள உக்காந்திருக்கான். நீ பூசற பசைதான் உள்ள படியுது. படியப் படிய குண்ட ஆழமா தள்ளுது. கட்டி விழுந்தா குண்டு நீட்டிக்குது. நீ திருகப் போட்டு ஆட்டிக்கிட்டிருக்க."

அவர் அச்சைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து உற்று நோக்கினார்.

"இத டேலுக்கு மட்டும் சொல்லிடாத."

பஞ்சுக்குச்சியெனும் வேலேந்தி, பகைவனின் கோட்டையைக் குடைந்து, வழித்து, துடைத்தெறிந்து, பத்துக்கொருமுறை படையெடுத்து, திருகைத் தொடாமலே, இரவுணவு மணிக்குள் ஐம்பதையும் அமர்த்தி முடித்தார் வேந்தர். மறுநாள் டேலின் கண்ணெதிரே ஐம்பதும் சிக்காமல் முழங்கின. அவை எங்கே போய்ப் பட்டன என்பதை இக்காவியம் பாடாது. வாகை சூடிய தோள் குலுங்க, கரிபடிந்த திருமுகம் ஒளிவீச, காற்றும் சமவெளியும் கட்டியம் கூற, பழைய லாரியில் பவனி வந்து தம் ஷெட்டின் கதவை அகலத் திறந்தார் ஆர்வில்.

அந்தக் குளிர்காலமும் கார் வெளியேதான் நின்றது.