காற்றுக்கு அசையாத நாற்காலி

பஞ்சு மோர் சாதத்தில் கை வைத்த நேரம் பார்த்து விசாலாக்ஷி சொன்னாள்: "மாடியிலே போட்டேளே பிரம்பு நாற்காலி, அது பறந்துபோயிடுத்து."

"எங்கே?"

"நம்ம மாடிச் சுவரை ஒட்டின அடுத்த கட்டடத்து மாடிக்கு. வாலாம்பாள் காயப்போட்டிருந்த வடாம் மேலே விழுந்திருக்கு."

பஞ்சுவுக்குச் சாதம் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காட்கோபரிலிருந்து மகள் விஜயலக்ஷ்மியைப் பெண் பார்க்க எட்டுப் பேர் வருகிறார்கள். மாதுங்காவில் அவருக்கு இருந்ததோ ஓர் அறையும் சமையலறையும். எட்டுப் பேர் உள்ளே உட்கார்ந்தால் பெண் வெளியே நிற்க வேண்டும். ஆகவே மொட்டைமாடியில் உட்கார்த்துவதென்று தீர்மானித்திருந்தார். மே மாதத்துக் கடற்காற்றை மட்டும் யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

"எட்டூரைக் கூட்டி எதுக்கு? வாலாம்பாள் பிள்ளை வேங்கடசுப்ரமணியன் இருக்கானே..."

"ரேஷன் ஆபீஸிலே டெம்பரரி! காட்கோபர் பிள்ளை பாங்க்கிலே பெர்மனெண்ட். எதுவா இருந்தாலும் அசையாம நிக்கணும், விசாலம்."

தமக்குக் கல்யாணமானபோது தாமும் டெம்பரரிதான் என்பது ஒரு கணம் நினைவுக்கு வந்தது. அதையும் காற்று அடித்துக்கொண்டு போயிற்று.

"நான் போய் எடுத்துண்டு வரேம்பா" என்றாள் விஜயலக்ஷ்மி. மூன்று மாடி இறங்கி, அடுத்த கட்டடத்தில் மூன்று மாடி ஏறி, வெகுநேரம் கழித்து முகம் சிவக்கத் திரும்பினாள். பாவம், குழந்தைக்கு எத்தனை சிரமம் என்று பஞ்சு வருந்தினார்.

மறுநாள் ஆபீஸ் விட்டதும் நேரே தாராவிக்குப் போனார். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் ஏலத்துக்கு வந்திருந்தன. பழைய சாமான் கடை வெயிலுமுத்து ஓர் இரும்பு நாற்காலியைத் தட்டிக் காட்டினான்.

"குண்டு போட்டாலும் அசையாது, சாமி."

"காத்தடிச்சா?"

"ஜெர்மன்காரனே அசைக்கலைங்கேன். காத்து என்னத்தப் பண்ணும்?"

சோதனைக்கு ஒன்று வாங்கினார். மறுநாள் சாயங்காலம் அது வாலாம்பாள் மாடியில் இருந்தது. கீறல் இல்லை. நிமிர்ந்து, இந்தப் பக்கம் பார்த்து நின்றது.

"நான் போய்..." என்று விஜயலக்ஷ்மி கிளம்பினாள்.

அதற்கடுத்த நாள் கிணற்றுக் கயிற்றால் தண்ணீர்த் தொட்டியோடு கட்டினார். சாயங்காலம் கயிறு மட்டும் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பம்பாய்க் காற்றுக்கு முடிச்சு அவிழ்க்கவும் தெரிந்திருந்தது.

அன்று வெகுநேரம் கைப்பிடிச்சுவரருகே நின்று யோசித்தார். கீழே தாதர் லோகல் ரயில் போயிற்று. இந்த ஊரில் எதுதான் வைத்த இடத்தில் இருக்கிறது? பெண்ணைக் கண்ணுக்குள் வைத்து வளர்க்கிறோம். அவளும் ஒருநாள் அடுத்த வீட்டுக்குப் போகப் போகிறவள்தானே. அந்த வீடாவது கனமாக இருக்க வேண்டாமா?

சனிக்கிழமை ஒரு சிநேகிதர் தயவில் சிமெண்ட் கிடைத்தது. ஞாயிறு காலை கொத்தன் மாடியிலேயே சுவரை ஒட்டி நீளமாக பெஞ்சு கட்டினான். "ரெண்டு நாள் யாரும் உக்காரப்படாது, சாமி."

"இந்தக் காத்திலே காயாதா என்ன?" என்றார் பஞ்சு. வாழ்க்கையில் அவர் காற்றை நம்பியது அந்த ஒரு தடவைதான்.

விஜயலக்ஷ்மி பெஞ்சைப் பார்த்தாள், தள்ளிப் பார்த்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறந்த வீட்டை விட்டுப் போகிற துக்கம் என்று பஞ்சுவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஜமக்காளம் விரித்த பெஞ்சில் எட்டுப் பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சொஜ்ஜி வந்தது. மரியாதைக்கு எழுந்த பிள்ளையின் தகப்பனார் ஜமக்காளத்தோடு எழுந்தார். மற்ற ஏழு பேரும் சரிந்தார்கள்.

"பெண் பார்க்கக் கூப்பிட்டேளா, சமாதி கட்டக் கூப்பிட்டேளா?"

போய்விட்டார்கள். பெஞ்சில் எட்டுப் பள்ளங்கள் மட்டும் நிரந்தரமாக இருந்தன.

பஞ்சு தலையில் கை வைத்துக்கொண்டு நின்றபோது, மூச்சிரைக்க வாலாம்பாள் படியேறி வந்தாள். கையில் தட்டு, வெற்றிலை பாக்கு, பூ.

"முதல் நாள் மட்டுந்தான் மாமா காத்து. அப்புறமெல்லாம் உங்க பொண்ணு சுவத்துக்கு மேலே தூக்கிக் குடுப்பா, என் பிள்ளை அந்தப் பக்கம் வாங்கி வெச்சுப்பான். இந்தப் பெஞ்சியை ரெண்டு பேராலேயும் தூக்க முடியலையாம்; அதான் நான் வாசல் வழியாவே கேக்க வந்துட்டேன்."